சாமியார் காலடின்னு நான் காட்டுன பாறை

போன ஐப்பசில மலையடிவாரத்து ஓடைல வெள்ளம் வந்தப்ப, தண்ணிக்குள்ள பாய்ஞ்சு நீந்திப் போயி செல்வராணி அக்காவக் கரை சேத்தது இந்த ஞானசிகாமணிதான் சபையாரே!

பொய். முழங்கால் வரைக்குந்தான் நனஞ்சேன். எனக்கு நீச்சல் தெரியாது. வீட்டுல அண்டாவுல மோந்து குளிக்கையிலயே ஒரு கைய செவுத்துல ஊணிக்கிடுவேன்.

ஆனா ஏழு மாசமா ஊரு அப்படித்தான் சொல்லுது. நானும் இல்லன்னு சொல்லல. சபைல வச்சு சால்வ போத்துனாவ. பேசாம குனிஞ்சு குடுத்தேன். அந்தப் பொய்ய எறக்கி வைக்கத்தான் இன்னைக்கு வந்து உக்காந்திருக்கேன். எனக்கு எழுத வராது. மூணாங்கிளாசு, அதுலயும் பாதி நாளு மாங்கா தோப்புல. நான் பேசப் பேச பாஸ்டரம்மா எழுதுதாவ. “திருத்தாம எழுதுங்கம்மா”ன்னு சொல்லிட்டேன். திருத்துனா நான் நல்லவனாயிருவேன்.

ராஜபாளையத்துல வேன் ஓட்டுதேன். பதினேழு சீட்டு. சபை ஆளுங்கள ஏத்திக்கிட்டு பழைய கோயிலு, பழைய மடம்னு காட்டிட்டு வருவேன். காலைல கெளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவில்ல காலேஜ் பஸ்சுக்கெல்லாம் ஒதுங்கி நின்னு, அங்கன இடது பக்கம் திரும்பிட்டா பொறவு எல்லாம் பச்சதான். ஒரு பக்கம் நெல்லு, ஒரு பக்கம் தென்னந்தோப்பு, எதுத்தாப்புல மலை. சன்னல் பக்கம் உக்காந்தவிய பேச்சை நிறுத்திருவாவ. அந்தச் சத்தமில்லாத நேரத்துலதான் நான் வாயத் தொறப்பேன்.

மொத ட்ரிப்புல ஒரு டீச்சரம்மா, “இந்தக் கோயில் கட்டி எத்தன வருசம் இருக்கும் தம்பி?”ன்னு கேட்டாவ. கல்வெட்டு வெளிநாட்டு எழுத்துல இருக்கு. எனக்குத் தமிழ் எழுத்தே தகராறு. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. “முந்நூறு வருசம்”னேன். “ஆ!”ன்னாவ எல்லாரும். அந்த ‘ஆ’ இருக்கு பாருங்க, ஒரு தடவ கேட்டா விடாது. அடுத்த ட்ரிப்புல அதே கோயிலுக்கு நானூறு வருசம். மூணாவது ட்ரிப்புல கோயிலுக்கு அடில சொரங்கப்பாத தோண்டிட்டேன்.

மகாராஜபுரம் தாண்டி மலைக்குக் கீழ ஒரு பழைய மடம் இருக்கு. பேரு வேண்டாம், அங்க உள்ளவிய மேல ஒரு குத்தமும் கெடையாது. சுண்ணாம்புச் செவுரு, ஓடு போட்ட நீள வராந்தா, ஒரு மணிக்கூண்டு. முன்னால சாமியார்மாரு இருந்தாவளாம். இப்ப நாலு சிஸ்டர்மாரு, யாரும் இல்லாத வயசாளிகள வச்சுப் பாக்காவ. மடத்துக்குப் பின்னால தென்னந்தோப்பு. அது வழியா கால் மணி நேரம் கீழ எறங்குனா ஓடை. ஓடை நடுவுல ஒரு பெரிய பாறை. பாறை மேல ரெண்டு குழி.

அந்தக் குழியப் பத்தித்தான் நான் கதை கட்டினேன். அந்தக் காலத்துல இந்த மடத்துல ஒரு வெள்ளக்காரச் சாமியார் இருந்தாருன்னேன். ஒரு நா வெள்ளம் வந்துச்சு, அவரு பாறைல ஏறி நின்னு சிலுவையத் தூக்குனாரு, வெள்ளம் ரெண்டாப் பிரிஞ்சு போச்சுன்னேன். குழி ரெண்டும் அவரு காலடி. அன்னைலருந்து இந்த ஓடை ஒரு உசுரயும் எடுத்ததில்ல. அந்தக் காலடில நின்னு ஜெபிச்சு, அங்கனயே ஒரு பாட்டில் தண்ணி பிடிச்சுட்டுப் போயி நோயாளிக்குக் குடுத்தா சொகம்.

எதுக்கு இம்புட்டுக் கதைன்னா, எனக்குத் தூக்கம் வேணும். மத்தியானம் சாப்புட்டதும் கண்ணு சொருகும். இவிய மடத்துலயே சுத்திக்கிட்டிருந்தா, “தம்பி கதவத் தொற, தம்பி பையி எடு”ன்னு நிம்மதி கெடையாது. ஓடைக்கு அனுப்பிட்டா முழுசா ஒரு மணி நேரம் கடைசி சீட்டு எனக்கு. அம்புட்டுதான். அந்தக் காலடிக் குழில நான் மொத தடவ போனப்ப தேங்கா ஒடச்சுத் தின்னுருக்கேன்.

ஒரு தடவ ஒரு சிஸ்டர் என்னையக் கூப்புட்டு, “தம்பி, அப்படி ஒரு சாமியார் பேரு எங்க புத்தகத்துல எங்கயும் இல்லையே”ன்னாவ.

“அந்தப் பக்கம் கிழிஞ்சிருக்கும் சிஸ்டர்”னேன்.

சிரிச்சுட்டுப் போயிட்டாவ. அன்னைக்காவது நிறுத்திருக்கலாம்.

போன ஐப்பசி, ஒரு சனிக்கெழம. நம்ம சபைல இருந்து பதினாலு பேரு. அதுல மூணு பேரத்தான் நீங்க மனசுல வச்சுக்கிடணும்.

ஒண்ணு செல்வராணி அக்கா. பேண்டேஜ் துணி மில்லுல வேல. வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவ ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிட்டுப் போவாவ. ரெண்டாவது தாவீது அண்ணாச்சி, டெய்லர். பாடகர் குழு அங்கியெல்லாம் அவிய தச்சதுதான். கழுத்துல இஞ்சி டேப்போடயே கோயிலுக்கு வந்துருவாவ. மூணாவது அவிய வீட்டுக்காரி எஸ்தர் அக்கா.

செல்வராணி அக்கா மில்லுல கேட்டு, லேசாப் பழுது விழுந்த பேண்டேஜ் துணி ரெண்டு பெரிய கட்டு வாங்கிட்டு வந்திருந்தாவ. மடத்து வயசாளிகளுக்குப் புண்ணு கட்ட. ரெண்டு கட்டையும் கொண்டுபோயி கடைசி சீட்டுல வச்சாவ. என் படுக்கைல!

“ஏக்கா, இது என்ன பஞ்சு மூட்டையா, என் தலையெழுத்தா?”ன்னேன்.

“செத்த நேரம்டா. அங்க போனதும் எறக்கிருவோம்”னாவ.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போதே பாத்தேன். மலை மேல கருப்பு கட்டி நிக்கி. கீழ நல்ல வெயில். எனக்குத் தெரியும், மேல பேஞ்சா கீழ தண்ணி வரும். இந்தப் பக்கத்துல பொறந்தவன் எவனுக்கும் தெரியும். பின்னாலருந்து யாரோ, “மழ வருமோ?”ன்னாவ. “ஜெபக்கூட்டம் வருதுன்னு தெரிஞ்சா மழ ஒதுங்கிரும்க்கா”ன்னேன். எல்லாரும் சிரிச்சாவ.

செல்வராணி அக்கா சிரிக்கல. எனக்கு நேர் பின்னால உக்காந்துக்கிட்டு மெதுவாக் கேட்டாவ. “தம்பி, அந்தத் தண்ணி குடிச்சா நெசமாவே சொகமாகுமா?”

கண்ணாடில அவிய மொகம் தெரிஞ்சுச்சு. மடில காலி பாட்டிலு. அந்த மொகத்தப் பாத்துக்கிட்டே சொன்னேன். “எங்க சித்தப்பாவுக்கு இதே நோவுதான்க்கா. ரெண்டு மொடக்கு குடிச்சாரு, எந்திருச்சு நடந்துட்டாரு.”

எங்க அப்பாவுக்குக் கூடப் பொறந்த ஆம்பளையே கெடையாது.

மடத்துல போயி எறங்குனோம். சிஸ்டர்மாரு ஜெபத்துல இருந்தாவ. சாமான் வைக்கிற ரூம்பு பூட்டிக் கெடந்துச்சு. துணிக்கட்ட பொறவு எறக்குவோம்னுட்டாவ. சாப்புட்டதும் எட்டுப் பேரு ஓடைக்குக் கெளம்புனாவ. எஸ்தர் அக்காவுக்கு முட்டு வலி, எறங்க முடியாது. தாவீது அண்ணாச்சிக்கும் போற யோசன இல்ல, வராந்தால காத்தாட உக்காந்துட்டாவ. எஸ்தர் அக்காதான், “போயிட்டு வாங்களேன், என் முட்டுக்கும் ஒரு பாட்டிலு பிடிச்சுட்டு வாங்க”ன்னு எழுப்பி விட்டாவ.

இத ஞாபகம் வச்சுக்கோங்க.

நான் மொனங்கிக்கிட்டே துணிக்கட்டு மேல ஏறிப் படுத்தேன். மெத்து மெத்துன்னு இருந்துச்சு. நல்லாத் தூங்கிட்டேன்.

சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன். ஆளு கத்துற சத்தம் இல்ல, லாரி பத்து ஒண்ணா வர்ற மாதிரி ஒரு சத்தம். வெயிலு அப்படியேதான் அடிக்கி. செருப்புக்கூட போடாம தோப்பு வழியா ஓடுனேன்.

போறப்ப கணுக்கால் தண்ணி ஓடுற ஓடை அது. இப்ப செவப்பா, கட்டையும் செத்தையுமா உருண்டு வருது. ஏழு பேரு கரைக்கு வந்துட்டாவ. பாறை மேல ரெண்டு பேரு. செல்வராணி அக்காவும் தாவீது அண்ணாச்சியும். பாறைல முக்காவாசி முங்கிருச்சு.

கரைல நின்ன பொம்பளைய யாரும் அழல. பாடிக்கிட்டு நிக்காவ. நான் போயி, “என்னக்கா நிக்கீக?”ன்னு கத்துதேன். அதுல ஒருத்தவிய என் தோளத் தட்டிச் சொன்னாவ. “பயப்புடாத ஞானம். அவிய சாமியார் காலடிலல்லா நிக்காவ. இந்த ஓடை உசுர எடுக்காதுன்னு நீதான சொன்ன?”

சபையாரே, நான் எம்புட்டோ பேச்சு வாங்கிருக்கேன். அந்த மாதிரி ஒரு அடி எவனும் என்னைய அடிச்சதில்ல.

அங்கனயே சேத்துல முழங்கால் போட்டேன். அதுக்கு முன்னால நான் ஜெபிச்சதெல்லாம் வேனுல, அடுத்தவிய காதுல விழணும்னு ஜெபிச்சது. இப்ப வந்தது இம்புட்டுதான். “ஆண்டவரே, அந்தச் சாமியாரு பொய்யி. நான் கட்டுனது. நீரு நெசம்னா ரெண்டு பேரையும் கொண்டாந்திரும். சபைல நின்னு உண்மையச் சொல்லிருதேன்.”

பின்னாலருந்து ஒரு குரல். “யோவ் டிரைவரு, நடந்துக்கிட்டே கும்புடும்! வண்டில கயிறு கெடக்கா?”

தோப்புல தேங்கா வெட்டுற கருப்பசாமி. இடுப்புல அருவாளோட நிக்காரு. அவரு மரம் ஏறுற கயிறு ரெண்டு ஆளு நீளங்கூட இல்ல.

“கயிறு இல்லய்யா.”

“வேற என்னதான் வச்சிருக்கீரு? யோசிச்சுச் சொல்லும்!”

அப்பத்தான் என் முதுகு சொல்லுச்சு, நான் எது மேல படுத்திருந்தேன்னு.

எப்படி ஓடுனேன், எப்படித் தூக்குனேன்னு தெரியாது. ஒரு கட்ட எடுக்கவே ரெண்டு பேரு வேணும். நான் ஒத்தையாக் கொண்டாந்தேன். கரைல நின்னவியள்ள ரெண்டு பேரு அதே மில்லுல வேல பாக்கிறவிய. பாட்ட நிறுத்திட்டு துணிய உதறி மூணா மடிச்சு, ஆளுக்கொரு பக்கம் நின்னு முறுக்குனாவ. புண்ணு மேல சுத்துற அந்தச் சல்லாத் துணி முறுக்க முறுக்க வடமாயிருச்சு. கருப்பசாமி ஒரு முழுத் தேங்காய மட்டையோட அதுல கட்டுனாரு. தண்ணி வர்ற பக்கமா மேல நடந்து போயி தண்ணில வீசுனாரு. தேங்கா மெதந்து போயி பாறைல முட்டுச்சு.

மொத வீச்சு தப்பிருச்சு. ரெண்டாவது தப்பிருச்சு. மூணாவதத் தாவீது அண்ணாச்சி குனிஞ்சு பிடிச்சுட்டாவ.

அவிய செல்வராணி அக்கா இடுப்புல கட்டுனாவ. டெய்லர் கையில்லா, முடிச்சு நல்லா விழுந்துச்சு. என்னமோ பேசுனாவ, எங்களுக்குக் கேக்கல. அக்கா தண்ணில எறங்குனாவ. நாங்க ஒன்பது பேரு இழுத்தோம். நான் கடைசி ஆளு, முழங்கால் தண்ணில நின்னேன். இழுத்துக் கரைல போட்டோம். உசுரு இருந்துச்சு.

கருப்பசாமி மறுபடி வீசப் போனாரு. திரும்பிப் பாத்தா பாறை இல்ல. வெறும் தண்ணி.

அவியளத் தேடிக்கிட்டே கரையோடயே ஓடுனோம். தீயணைப்பு ஆளுங்க வந்து தேடுனாவ. மறுநா காலைல கீழ ஒரு கண்மாய் மதகுகிட்ட கெடச்சாவ. கழுத்துல இஞ்சி டேப் அப்படியே சுத்திக் கெடந்துச்சு.

பாறைல அண்ணாச்சி என்ன பேசுனாவன்னு செல்வராணி அக்கா பொறவுதான் சொன்னாவ. “நீ மொதல்ல போம்மா. நான் காலடிலல்லா நிக்கேன், எனக்கென்ன?”ன்னாவளாம். சொல்லிட்டு ரெண்டு காலையும் அந்தக் குழிக்குள்ள வச்சு நின்னாவளாம். எஸ்தர் அக்காவுக்காகத் தண்ணி பிடிச்ச பாட்டிலையும் செல்வராணி அக்கா முந்தானைலயே முடிஞ்சு விட்டுட்டாவ.

அடக்க ஆராதனைல எல்லாரும் அதத்தான் சொன்னாவ. என்ன விசுவாசம், என்ன விசுவாசம்னு. எனக்கு மட்டுந்தான் தெரியும், அண்ணாச்சி ஆண்டவர நம்பி மட்டும் நிக்கல. என்னையவும் நம்பி நின்னாவ.

நான் சொல்லலியே! ரெண்டு பேரக் கேட்டேன், ஒருத்தவியதான் வந்தாவ, அதனால நான் நேந்துக்கிட்ட பொருத்தனையில பாதி கழிஞ்சுதுன்னு ஆண்டவர்கிட்டயே யாவாரம் பேசுனேன். சால்வைய வாங்கிக்கிட்டேன். நான் துணி கொண்டாந்த கதைய ஆளுக்கு ஆளு சொல்லி, நீந்துன கதையாக்கிட்டாவ. அதையும் வாங்கிக்கிட்டேன்.

எஸ்தர் அக்கா அதுக்குப் பொறவு ஒரே பேச்சுதான். “சும்மா இருந்த மனுசன நாந்தான அனுப்புனேன். ஒரு பாட்டில் தண்ணிக்கு என் புருசனக் குடுத்துட்டேன்.” யாரு தேத்துனாலும் கேக்கல. நற்கருணை எடுக்கிறத நிறுத்திட்டாவ. தகுதியில்லன்னுட்டாவ. எல்லாரும் எந்திருச்சு ஆல்ட்டருக்குப் போகையில அவிய மட்டும் பெஞ்சுல தலையக் குனிஞ்சு உக்காந்திருப்பாவ.

நானா? நான் முன்னால போயி வாங்குவேன். சால்வ போத்துன ஆளுல்லா.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம வாங்கிட்டுத் திரும்பி வாரேன். திராட்ச ரசம் இன்னும் நாக்குல இருக்கு. வழி குறுகலு. எஸ்தர் அக்கா என்னைய நிமுந்து பாத்துட்டு, வலிக்கிற அந்த முட்டியக் கையால தூக்கி ஒதுக்கி எனக்கு வழி விட்டாவ. “போ ஞானம்”னாவ.

நான் என் எடத்துக்குப் போகல. நேரா வெளிய வந்து வேனுக்குள்ள ஏறிக் கதவச் சாத்திக்கிட்டேன். “ஆண்டவரே, பொய் சொல்ல எனக்கு எம்புட்டு வாயி குடுத்தீரு. உண்மைய ஒரே ஒரு தடவ சொல்ல வாயக் குடும்”னு கேட்டேன். அது என் ரெண்டாவது ஜெபம். மொத ஜெபத்தவிட கஷ்டமானது, ஏன்னா இதுக்குப் பதில் வந்திருமோன்னு எனக்கே பயம்.

வந்துருச்சு. மறுநா காலைல கடைக்குப் போனேன். தாவீது அண்ணாச்சி மிஷினுல எஸ்தர் அக்கா பட்டன் தச்சுக்கிட்டு இருந்தாவ. மிஷின் மேல அந்தப் பாட்டிலு, மூடி தொறக்காமயே இருக்கு. நின்னமேனிக்கே சொன்னேன். சாமியார் பொய்யி, காலடி பொய்யி, சித்தப்பா பொய்யி, என் தூக்கத்துக்காகக் கட்டுன கதைன்னு எல்லாத்தையும் சொன்னேன். மேல கருப்பு கட்டுனத நான் பாத்தேன்னும் சொன்னேன்.

ஊசிய துணில குத்தி வச்சாவ. வெளக்குமாத்த எடுப்பாவன்னு நெனச்சேன். எடுத்திருந்தா நல்லாருந்திருக்கும்.

“அப்ப நான் தண்ணி கேட்டதால அவிய சாகல?”

“இல்லக்கா. என்னாலக்கா.”

அப்பத்தான் அழுதாவ. ஆறு மாசத்துல மொத தடவையா வாய்விட்டு அழுதாவ. அழுது முடிச்சு மொகத்தத் தொடச்சாவ. மன்னிச்சேன்னு சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல. “என்கிட்ட சொன்னாப் பத்தாதுலே. சபைக்குச் சொல்லு”ன்னாவ. அதுக்கு அடுத்த ஞாயிறு எந்திருச்சு ஆல்ட்டருக்குப் போனாவ. நான் பெஞ்சுல இருந்தேன். அவிய திரும்பி வரையில நான் காலை ஒதுக்குனேன்.

இதுதான் சபையாரே நடந்தது. செல்வராணி அக்கா வீட்டுக்காரருக்கு இன்னும் சொகமில்ல. வாரத்துக்கு ரெண்டு நா நாந்தான் வேனுல கூட்டிட்டுப் போறேன். பின் சீட்டுல அவரு வாந்தி எடுப்பாரு, நான் கழுவுவேன். இப்ப வேனுல கதை சொல்லுறதில்ல. கோயிலுக்கு எத்தன வருசம்னு கேட்டா, “தெரியாதும்மா, கல்வெட்டு இருக்கு, படிச்சுச் சொல்லுங்க, நானும் கேட்டுக்கிடுதேன்”னு சொல்லிருவேன்.

ரெண்டு பேரக் கேட்டதுல ஒருத்தவியள ஏன் குடுத்தீருன்னு ஆண்டவர்கிட்ட இன்னும் கேக்கேன். ஆனா நான் கேக்கிறதுக்கு முன்னாலயே துணிய என் முதுகுக்கு அடில போட்டு வச்சிருந்தாரு. ஜெபத்துல இருந்த சிஸ்டர்மாருக்கும், பூட்டிக் கெடந்த ரூம்புக்கும் நான் தோத்திரம் சொல்லாத நாளில்ல. இத வாசிக்கிற யாருக்காவது வெள்ளம் கழுத்து வரைக்கும் இருக்கலாம். கூப்புடுங்க, கேப்பாரு. வேன் டிரைவர் சொல்லுறத நம்பாதீங்க, அவர நம்புங்க. உள்ள ஒரு பொய்ய வச்சுக்கிட்டு முழிக்கிறவிய இருந்தா, ஏழு மாசம் என்னைய மாதிரி...

வெளிய வேன் ஆரன் அடிக்காவ. எஸ்தர் அக்காதான், முன் சீட்டுல ஏறி உக்காந்துட்டாவ. இன்னைக்கு நாங்க அந்த ஓடைக்குப் போறோம். ‘இங்கே இறங்காதீர், வெள்ளம் வரும்’னு ஒரு போர்டு எழுதி வாங்கிருக்காவ. அது என் கடைசி சீட்டுல கெடக்கு. அந்தப் பாட்டிலு அவிய மடில இருக்கு. தண்ணிய அங்கனயே ஊத்திட்டு வரணுமாம். போன தடவ கருப்பசாமிகிட்ட நான் போர்டப் பத்திப் பேசுனப்ப அவரு என்ன சொன்னாருன்னா...

“ஏலே ஞானம்! எம்புட்டு நேரந்தான் பேசுவ? மலைல கருப்பு கட்டுறதுக்கு முன்னால போயிட்டு வந்துரணும். வண்டிய எடுலே!”

இந்தா வாரேன்க்கா.